அடித்தாலும் தெரிகிற வரி

ஜவ்வாது மலையில் மனநோயாளிகளுக்கென்று எட்டுக் கட்டில் போட்ட ஓட்டுக் கட்டடம் ஒன்று அப்போது இருந்தது. மாசி மாதத்து மேகம் சன்னல் வழியே நுழைந்து காலிக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். விடிகாலையில் தலை எண்ணும் நர்ஸ் கன்னியம்மாளுக்கு ஒரு தலை கூடுதலாக வரும். சில நாள் அந்த மேகம் இருமவும் செய்யும். நம்பாதவர்கள் போய்ப் பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பார்த்திருக்கலாம்.

கன்னியம்மாள் போளூர்க்காரி, 1978இல் மலையேறியவள். 'கண்டதை எழுது, கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே' என்று படிப்பித்து அனுப்பியிருந்தார்கள். நோயாளி வீட்டார் தேன் கொண்டுவந்தால் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, அதையும் குறிப்பேட்டில் ஏற்றிவிடுவாள்.

சோறும் பேச்சும் நின்றுபோய் வந்தவள் செல்லி, மலைக்காரி. மூன்று மாதத்தில் தேறி, வாய்க்கு வாய் "அக்கா" என்றாள்.

"சிஸ்டர்னு கூப்புடு."

"அதுக்கும் அக்கான்னுதான் அர்த்தமாமே. டாக்டரய்யா சொன்னாரு."

டாக்டர் வியாழக்கிழமைதோறும் வேலூரிலிருந்து வருவார். குறிப்பேட்டைப் படித்துத்தான் எதையும் முடிவு செய்வார். வருகிற வியாழன் செல்லியின் முறை. வீட்டுக்கா, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கா?

புதன் காலை, மேகத்துக்குள் பாதி கரைந்த புளியமரத்தடியில் செல்லி நின்றுகொண்டிருந்தாள். மரத்திடம் ஏதோ கேட்டாள், காத்திருந்தாள், சிரித்தாள். கன்னியம்மாள் குறிப்பேட்டைத் திறந்தாள். கண்டதை எழுதினாள். அதன் கீழே, கை தன் போக்கில், 'காதில் குரல் கேட்கிறது' என்றும் எழுதிவிட்டது.

செல்லி வந்து எட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாது, ஆனால் முகம் படிப்பாள்.

"அந்தத் தாளக் கிழிச்சிடு அக்கா. வூட்டுக்குப் போவணும்."

"அக்கான்னா கிழிச்சிருப்பா. நா நர்ஸு."

செல்லி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கன்னியம்மாளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

பிற்பகல் செல்லியின் புருஷன் லட்சுமணன் பார்க்க வந்தான். வந்தவன் நேரே புளியமரத்திடம் போனான். "ரெண்டு கொத்து எடுத்துக்கட்டா தாயி?" என்று கேட்டுவிட்டு அசையாமல் நின்றான். ஓர் இலை உதிர்ந்தது. சிரித்தபடி கை நீட்டிப் பறித்தான்.

"இன்னா பண்றீங்க?" என்றாள் கன்னியம்மாள்.

"கேக்காம பறிக்கக் கூடாதுங்க. எல உழுந்தா சரின்னு அர்த்தம். எங்க ஊர்ல கொழந்தகூட கேக்குமே."

கன்னியம்மாள் உள்ளே ஓடினாள். தாளைக் கிழிக்கவுமில்லை, மை பூசி மறைக்கவுமில்லை. கடைசி வரியின் குறுக்கே, கீழே உள்ளது தெரியும்படி, ஒற்றைக் கோடு இழுத்துக் கையெழுத்திட்டாள். அடியில் எழுதினாள்: 'மேற்படி வரி நான் நினைத்தது, கேட்டதல்ல. மரத்திடம் கேட்டுப் பறிப்பது அவர்கள் ஊர் வழக்கம் என்று கணவர் சொன்னார். அவரும் அப்படியே செய்ததைக் கண்டேன்.'

வியாழனன்று டாக்டர் இரண்டு முறை படித்தார்.

"மரம் இன்னாம்மா சொல்லிச்சி?"

"மரம் எங்கியாச்சும் பேசுமா டாக்டரய்யா?" என்றாள் செல்லி, அவருக்காகக் கவலைப்பட்டு.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனாள். போகும்போது கொடுத்த இரண்டு கொத்துப் புளி சமையலறைக்குப் போய், குறிப்பேட்டிலும் ஏறியது.

வேலை நேரம் முடிந்து, குறிப்பேட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கன்னியம்மாள் மரத்தடிக்கு வந்தாள். மேகம் முழங்கால் வரை இருந்தது.

"நல்லா இருப்பாளா?" என்று கேட்டுவிட்டு, அசையாமல் நின்றாள்.