விமானத்தின் வயிற்றில் ஒரு நசுங்கல்

அமெரிக்காவில் காப்பெல் என்ற ஊரில், அந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டதும் நடக்கத் தொடங்கினேன். காரில் கொண்டுவிடுகிறேன் என்று, அப்போதுதான் வெளியே போய்த் திரும்பியிருந்த பெரியவரின் மகன் இரண்டு தடவை சொன்னார்; வேண்டாம் என்றுவிட்டேன். அக்கா வீட்டுக்கு ஐந்து மைல். பாதி வழியில் நடைபாதை நின்றுபோனது. அதன்பின் புல்மேல் நடந்தேன். டெக்சாஸ் வெயிலில் நடந்து போகிறவனைப் பார்த்தால் வண்டி பழுதாகி நிற்கிற ஆள் என்றுதான் நினைப்பார்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றே அந்த வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுப் பெரியவர் கோவா விமான நிலையத்தில் எங்கள் சூப்பர்வைசராக இருந்தவர். தூத்துக்குடிக்காரர். நானும் அந்தப் பக்கம் என்பதால் அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். விசைப்படகு, ஓட்டல், செங்கல் லாரி என்று அலைந்து கோவாவில் ஒதுங்கியிருந்தபோது, பெட்டி ஏற்றும் வேலையில் சேர்த்துவிட்டது அவர்தான். அந்த வேலைக்கு வந்த பிறகுதான் முதல் தடவையாகக் கட்டிலில் படுத்துத் தூங்கினேன்.

குளிர்காலம் வந்தால் ரஷ்ய விமானக் கம்பெனி ஒன்றின் விமானங்கள் வரத் தொடங்கும். சுற்றுலா நடத்துகிறவர்கள் விமானத்தையே மொத்தமாக வாடகைக்கு எடுத்து ஆட்களை அனுப்புவார்கள். அது போக, அதே கம்பெனியின் வழக்கமான பயணிகள் விமானமும் உண்டு. கம்பளிக் கோட்டைக் கையில் பிடித்தபடி வெளுத்துப்போய் இறங்குகிறவர்கள், திரும்பும்போது மூக்குத் தோல் உரிந்து அவித்த இறால் நிறத்தில் ஏறுவார்கள். ஒவ்வொரு விமானத்திலும் அவர்களுடைய மெக்கானிக் ஒருவர் கூடவே பறந்து வருவார். அவர்களில் ஒருவர் பனை மரம் போல இருப்பார். கிளம்பும் முன் கையுறையைக் கழற்றிவிட்டு, விமானத்தின் உடம்பை வெறும் கையால் தடவிக்கொண்டே சுற்றி வருவார்.

நாங்களும் சுற்றிப் பார்த்து, அடி எதுவும் இல்லை என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். கையெழுத்து சூப்பர்வைசருடையது. சீசன் நெருக்கடியில் அண்ணாச்சி காலையில் டீ குடித்துக்கொண்டே அன்றைக்கு வேண்டிய எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். “நம்ம பயலுவ பாத்துக்கிடுவானுவ” என்பார். நாங்கள் டிக் போட்டுக்கொள்வோம்.

ஒரு நாள் பெட்டி ஏற்றும் பெல்ட் வண்டியை நான் பின்னால் எடுப்பதற்குப் பதில் முன்னால் எடுத்துவிட்டேன். சரக்குக் கதவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கியது. யாரும் பார்க்கவில்லை. தாளை எடுத்து, அடி இல்லை என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன். விமானத்தின் உடம்பு நசுங்கினால் மேலே போனதும் என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன்.

அந்த மெக்கானிக்கின் கை அந்த இடத்தில் நின்றது. “க்தோ?” என்றார். யார் என்று அர்த்தம். அவ்வளவு ரஷ்ய மொழி எங்களுக்குத் தெரியும். ஆறு பேர் வரிசையாக நின்றோம். விமானம் அன்று போகவில்லை. அண்ணாச்சி எங்களைத் தனியாகக் கூட்டிப்போய், “யாருன்னு சொல்லுங்கலே, நான் பேசிக்கிடுதேன்” என்றார். நான் என் ஷூ கயிற்றைப் பார்த்தேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்காக அவருடைய விமான நிலையப் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருக்குப் போய் ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் இன்னும் இரண்டு சீசன் அங்கேயே பெட்டி ஏற்றினேன்.

நர்ஸாக இருக்கும் அக்கா எனக்காகப் போட்ட மனு பல வருடம் கிடந்து, கடைசியில் கிரீன் கார்டாக வந்தது. இங்கே சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் போன இடத்தில், மகன் வீட்டோடு வந்துவிட்ட அண்ணாச்சியைப் பார்த்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொன்னார்.

நான் போன நேரம், பேத்தியை நடன வகுப்பில் விடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி காரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார்.

“தாத்தா, த கார் இஸ் ஃபைன்! கேன் வி கோ நவ்?” என்றாள் குழந்தை.

“டெய்லி இதே இன்ஸ்பெக்‌ஷன்தான். காஸ்ட்கோ பார்க்கிங்லகூட பண்ணுவார். அங்க எல்லாரும் நம்மளயே பாக்கறாங்க” என்று மகன் சிரித்தார்.

“சிரிலே, சிரி. பாக்காம கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் தெரியும்” என்றார் அண்ணாச்சி. மகனும் பேத்தியும் போன பிறகு என் பக்கம் திரும்பினார். “தப்பு என் மேலதான், தம்பி. ஒங்கள்ல யாரையும் நான் ஒரு நாளும் கொற சொன்னதில்ல.”

“அண்ணாச்சி…” என்று ஆரம்பித்தேன்.

“நாளைக்கு இங்க ஏர்போர்ட்டுல வேலைக்கு ஆள் எடுக்காவளாமே, ஒங்க அக்கா சொன்னா. பழைய சூப்பர்வைசர் பேரு கேப்பான். என் பேரப் போடு. ஒன்னயப் பத்தி நான் சொல்லுதேன்.”

அவர் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன் என எழுத ஆசைதான். அது பொய். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் காலை விண்ணப்பத்தில் அவர் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். ஆபீஸில் இருந்த பெண் அப்போதே அந்த நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். தன்னுடைய பழைய ஏர்போர்ட் இங்கிலீஷில் அண்ணாச்சி சத்தமாகப் பேசினார். நல்ல உழைப்பாளி, மேடம். ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் முதலில் வந்து சொல்கிறவன் இவன்தான், மேடம்.

அவள் சிரித்துக்கொண்டே தாளை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். போட்டேன்.