கோலம் விழாத வாசல்

வாடகை வீட்டில் ஐந்து குடித்தனத்துக்கும் ஒரே குழாய். ராத்திரி குழந்தை அழுதால் மறுநாள் வீட்டுக்கார அம்மாளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். திருச்சியில் அப்படிப் பல வருஷம் ஓட்டியவள் நான். ஐம்பதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் தீப்பிடித்த வீடு ஒன்று மலிவாக வருகிறது என்று என் கணவர் சொன்னபோது, வீடு என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

போய்ப் பார்த்தோம். முன்கட்டு தப்பித்திருந்தது. பின்னால் சமையலறையில் ஓடெல்லாம் சரிந்து வானம் தெரிந்தது. ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான என் கணவர் பேனாக்கத்தியால் உத்திரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மேலதான் கரி. உள்ள மரம் நல்லாத்தான் இருக்கு" என்று இன்ஜினியர் மாதிரி சொன்னார். நானும் சும்மா இல்லை. புது அடுப்பை எந்த மூலையில் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

வெளியே வந்தபோது எதிர்வீட்டு அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாங்கப் போறீங்களாம்மா? அந்த வீட்டு மருமக அடுப்படியிலயே போயிட்டா. வாயும் வயிறுமா இருந்த பொண்ணு. அவங்க வெளியில சொல்ல மாட்டாங்க. ஆனா தீப்பிடிச்சதுக்கப்புறம் அந்த வாசல்ல கோலமே விழலை. அது ஒண்ணு போதாதா?"

போதும்தான். வாசலில் கோலம் இல்லையென்றால் உள்ளே சாவு என்று தெருவே முடிவு கட்டிவிடும். யாரும் கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பயமா இருக்கா?" என்றார் கணவர். விஷயத்தைச் சொன்னேன்.

"பயமில்லை. ஒரு பொண்ணு வெந்து செத்த இடத்துல நின்னு என்னால சோறு வடிக்க முடியாது."

"அப்ப வேண்டாம்னு சொல்லிடவா?"

அதற்கும் மனசு வரவில்லை. குழாயடி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும், விற்கிறவரையே கேளுங்கள் என்றால், "இதையெல்லாம் எப்படிக் கேக்கறது?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். வழி கேட்கவே கூச்சப்படுகிற மனுஷர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புடவையை மாற்றிக்கொண்டு நானே உறையூர் பஸ் ஏறினேன். விற்கிறவர்கள் அங்கேதான் உறவுக்காரர் வீட்டில் இருந்தார்கள்.

கதவைத் திறந்தவள் ஓர் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு. ஸ்ரீரங்கத்து வீட்டு விஷயமாக வந்தேன் என்றேன்.

"மாமா வெளிய போயிருக்காங்க. உக்காருங்க."

"நீங்க அவருக்கு..."

"மருமகங்க."

"இன்னொரு மருமக...?"

"அவங்களுக்கு ஒரே பிள்ளைதாங்க. நான் ஒருத்திதான்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். இனி மறைப்பானேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தீப்பிடித்ததற்கு முந்தின நாள் விடியற்காலை, முதல் பஸ்ஸில் மண்ணச்சநல்லூருக்கு, அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தாளாம். தெருவில் யாரும் பார்க்கவில்லை. கோலம் போட மிச்சமிருந்தவர் மாமியார். தீயை அணைக்கப்போய் அவருக்கு இரண்டு கையும் வெந்து கட்டுப் போட்டிருந்தது. கொஞ்ச நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

எனக்கு வந்த நிம்மதியில் அவள் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். கீழே விடவே மனசில்லை. வீடு வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம்தான் என் கணவருக்கே தெரியும்.

ஓடு மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பால் காய்ச்ச நாள் பார்த்தோம். அன்று விடிவதற்குள் வரும்படி அவளையும் அழைத்திருந்தேன். கோலமாவு டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

"உங்க வீடுங்க, நீங்க போடுங்க."

"நான் நாளையிலேருந்து போட்டுக்கறேன்."

வாசலை அடைத்து ஒரு கோலம் போட்டாள். சாணித்தண்ணி வாளியோடு வெளியே வந்த எதிர்வீட்டு அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். அவள் நிமிர்ந்து, "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

நான் உள்ளே போய் அடுப்பை மூட்டினேன்.