குவைத்துக்குப் போகாமல் இருக்க ஒரு மதர்போட்

கல்பிட்டிப் பாதையோரம் இருக்கும் எங்கள் வீட்டில், பழைய கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து எந்த மதர்போட்டுக்கு எந்தப் புரொசசர் பொருந்தும் என்று தேடிக்கொண்டிருந்த நாட்களில் எனக்குப் பயமாகவே இருந்தது. சாமான் வாங்குவதற்கு யாராவது பயப்படுவார்களா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்தச் சாமான் சரிவராவிட்டால் நான் திரும்பவும் குவைத்துக்குப் போக வேண்டும்.

இலங்கையில் யுத்தம் முடிந்த பிறகு ஒருதரம் போய்வந்தவள் நான், வீட்டு வேலைக்கு. அங்கே என்னை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அதைச் சொன்னதும் ஊரில் எல்லாரும் "அப்ப நல்ல வீடுதான்" என்று கதையை முடித்துவிடுவார்கள். நான் படுத்த அறைக்குப் பூட்டு வெளிப்பக்கம் இருந்தது என்பதைச் சொல்ல இடமே வராது. வீட்டு மேடம் படுக்கப் போகும் முன் அதைப் பூட்டிவிட்டுப் போவார். உள்ளே தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யோசித்தபடியே கண்ணை மூடுவேன். திரும்பி வந்து எவ்வளவோ காலம், எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவைக்கூட நான் தாழ்ப்பாள் போடவில்லை.

வந்த பிறகு கொழும்பில் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே புத்தகங்களை டைப் செய்து, பக்கம் அமைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். கம்பியூட்டர், ஊரில் போன் பேசவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் இருந்து மூடிப்போன ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து வந்தது. முக்கி முனகியாவது வேலை செய்தது. திடீரென்று அச்சகம் புதிய மென்பொருளுக்கு மாறியது. என் பழசு அதை ஏற்கவே மாட்டேன் என்றது. நோன்பு தொடங்குவதற்குள் உங்கள் பக்கம் சரியாகாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று அச்சக மேலாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். கத்துகிற மனுசனை நம்பலாம், மறுநாள் மறந்துவிடுவான். மரியாதையாகச் சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

இந்த நேரம் பார்த்து ஏஜென்சிக்காரர் வந்து சேர்ந்தார், முன்பு என்னை அனுப்பியவர். அதே வீட்டார் என்னைத்தான் திரும்பக் கேட்கிறார்களாம். என் கணவர் கரையில் மீன்பிடிப் போட் எஞ்சின் திருத்துகிறவர். கடல் கொந்தளிக்கும் மாதங்கள் அவை. போட்டுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன, அவருக்கு வேலை இல்லை. நான் குசினியில் பிளேன்ரீ ஊற்றியபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் கணவர் "யோசிச்சுச் சொல்றன்" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. நான் தேநீரைச் சீனிப் போத்தலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் அவ்வளவு தேடல். ஒருதரம் வாங்கத்தான் எங்களுக்கு வசதி இருந்தது, பிழையாகிப்போனால் போனதுதான். மதர்போட்டில் புரொசசர் உட்காருவதற்கு ஒரு சதுர இருக்கை உண்டு. அதற்குள் மயிரிழை போன்ற கம்பிகள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு தலைமுறைப் புரொசசருக்கும் இருக்கை வேறு. பெயர் ஒன்றுபோலவே இருக்கும், ஓர் இலக்கம் மாறினால் உட்காராது. உட்கார்ந்தாலும், சில மதர்போட்டுகளுக்குப் புதிய புரொசசரை அடையாளம் தெரியாது. முதலில் பழைய புரொசசர் ஒன்றைப் போட்டு அதற்குப் பாடம் படிப்பிக்க வேண்டுமாம். படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. மாப்பிள்ளை பார்ப்பதில்கூட இவ்வளவு கரைச்சல் இல்லை.

புத்தளம் டவுனில் கடைக்காரர் இரண்டு சோடிகளைக் காட்டினார். ஒன்று பெரிய புரொசசர், மதர்போட்டோடு, கொழும்பில் ஏதோ ஒபிசில் பாவித்தது. மற்றது புத்தம் புதுசு, ஆனால் சின்னது. பெரியதைத்தான் எடுக்கச் சொன்னார். அதில் வேலை பறக்குமாம். எனக்கும் ஆசைதான். மதர்போட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஆணி போடும் ஓட்டைகளைச் சுற்றி லேசான பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. உப்பளத்துக் காற்றில் வளர்ந்தவளுக்கு அந்தப் பச்சையைக் காட்டித்தர வேண்டியதில்லை. எங்கள் தண்ணீர் மோட்டரின் வயர் முனைகளைத் தின்றது அதுதான். கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சின்னதையே எடுத்தேன். அந்த மதர்போட் இந்தப் புரொசசரை ஏற்கும்தானே என்று கேட்டுக் கேட்டு மனுசனைச் சாகடித்துவிட்டேன். கடையில் இவற்றைப் பொருத்திப் பூட்டிக்கொடுக்கிறவர் லீவில் போயிருந்தார். காத்திருக்க எனக்கு நாள் இல்லை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு துஆ ஓதிக்கொண்டு வந்தேன்.

எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறவருக்கு இது பெரிய வேலையா என்று என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அஸர் தொழுதுவிட்டு வருகிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். தொழுகையில் மனம் நிற்கவே இல்லை. வந்து பார்த்தால், மனுசன் புரொசசரை இருக்கையில் வைத்து மூடி, மேலே காற்றாடியையும் பூட்டிவிட்டார். எனக்குப் பொல்லாத கோபம். ஆனால் சரியான திசையில்தான் வைத்திருந்தார், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பிஸ்மில்லாஹ் சொல்லி சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

நிறுத்தி, வயர்களைக் கழற்றிப் பூட்டி, மறுபடி போட்டேன். கறுப்பு. மெமரியை இடம் மாற்றினேன். கறுப்பு. யா அல்லாஹ், நான்தான் பிழையான சோடியை எடுத்துவிட்டேன், என் கையாலேயே என்னை அனுப்பப்போகிறேன் என்று நினைத்தேன். கடைசியில் காற்றாடியைக் கழற்றி, புரொசசரைத் தூக்கினேன். அதன் அடிப்பக்கம் வழுவழுத்தது. இருக்கைக்குள் பார்த்தால், அந்த மயிரிழைக் கம்பிகள் எல்லாவற்றின்மேலும் மஞ்சளாக ஏதோ பூசியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். போட் எஞ்சினுக்குப் போடும் கிறீஸ்.

அந்த நேரம் என் மூளையில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றாரே, இதுதான் யோசித்ததா?

"என்னய அனுப்பத்தானே இத பூசினீங்க?" என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று.

"காத்தாடிக்குக் கீழ கம்பனியே கிறீஸ் பூசித்தானே புள்ள அனுப்பி இருக்கு," என்றார். "உள்ளுக்குப் பூச மறந்துட்டாங்களாக்கும் எண்டு நெனச்சன். இஞ்சத்த உப்புக் காத்து எஞ்சின் பிளக்கையே தின்னுது. இதையும் திண்டா நீ போகோணும். அதான் பூசினன்."

காற்றாடிக்குக் கீழே இருந்தது சூட்டை இழுக்கிற பசை. சாம்பல் நிறத்தில் பார்க்கக் கிறீஸ் மாதிரித்தான் இருக்கும். எங்கள் கரையில் உலோகம் எதைக் கண்டாலும் கிறீஸைப் பூசிவிட்டுத்தான் மறுவேலை. அடிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன். அவர் குற்றவாளிபோல் நின்றார்.

கடைக்காரருக்குப் போன் எடுத்தோம். துடைக்கக் கூடாது, ஒரு கம்பி வளைந்தாலும் மதர்போட் போய்விடும் என்றார். ஸ்பிரிட்டை ஊற்றி ஊற்றிக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள், அதற்கு மேல் அல்லாஹ் விட்ட வழி என்றார். பார்மசியில் ஸ்பிரிட் வாங்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து நான் துளித்துளியாக விட்டேன். என் கணவர் மதர்போட்டைச் சரித்துப் பிடித்துக்கொண்டார். எஞ்சினைத் தனியாகத் தூக்குகிறவர், அந்தத் தகட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை வரை பேனுக்கு முன்னால் காயவிட்டோம். இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

டவுனில் வாங்கிவந்த புதிய பசையைப் பூசி, பூட்டி, சுவிட்சைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். சின்னதாக ஒரு பீப் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

என் கணவரின் போன் அடித்தது அப்போதுதான். ஏஜென்சிக்காரர். ஏஜென்சிக்காரரை அண்ணன் முறையில் நானா என்று அழைத்து, என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"இல்ல நானா, அவ வரமாட்டா. கம்பியூட்டர் வேல செஞ்சதுக்காகச் சொல்லல்ல. போன தரம் அவ போய் வாற வரைக்கும் எனக்கு நித்திர இல்ல. இன்னொரு தரம் என்னால ஏலா."

மறுபக்கம் ஏஜென்சிக்காரர் சிரித்து, ஆம்பிளைக்கு என்ன பயம் என்று ஏதோ சொன்னது எனக்கும் கேட்டது.

"ஓம், பயம்தான்," என்று சொல்லி அவர் போனை வைத்தார்.