அம்மா செய்த போணி

எங்கள் ஜோகுபாளையத்திலிருந்து சற்று நடந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஹொஸ்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் சிலர் சாலையோரம் வண்டியை நிறுத்தி விற்கத் தொடங்கியதுதான். நான் டீச்சர் வேலையில் சேர்ந்த வருஷத்தில் அது வளர்ந்து புளியமரங்களையெல்லாம் தாண்டிவிட்டது. காய்கறிக்கு சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறிய ஜனமெல்லாம் இங்கே திரும்பியது. நானும் அம்மாவும்தான். ஆனால் நாங்கள் போகும்போது வெயில் ஏறியிருக்கும். பிறர் பொறுக்கிக் கழித்த கத்தரிக்காயும் மிதிபட்ட கீரையும்தான் எங்களுக்கு மிஞ்சும்.

காரணம் அம்மா. அப்பா போன பிறகு, யாருடைய முதல் வியாபாரமும் தன் கையால் நடந்துவிடக் கூடாது என்று பயந்தாள். விதவை போணி செய்தால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடுமாம். யாரும் அவளிடம் நேரில் சொன்னதில்லை. ஒருமுறை தக்காளிக்காரர் ஒருவர் அவளைக் கண்டதும் கூடைமேல் துணியை இழுத்துப் போட்டார், அது போதாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்கப் போனவளை அம்மாதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. சந்தையின் கடைசியில், கூட்டம் எட்டாத இடத்தில், புதிதாக ஒருத்தி அவரேக்காய் என்கிற மொச்சைக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பனியில் ஊறிய காயின் வாசனை மூக்கைத் துளைத்தது. பருப்பைப் பிதுக்கிக் குழம்பு வைப்பதென்றால் அம்மாவுக்கு உயிர். தன்னை மறந்து நின்றுவிட்டாள்.

"இன்னும் போணி ஆகலேக்கா. நீங்க பண்ணுங்க" என்றாள் அந்தப் பெண், கன்னட வாடையடித்த தமிழில்.

"வேற யாராவது பண்ணட்டும்மா. எங்க வூட்டுக்காரரு இல்ல."

"எங்க வீட்டவரும் இல்லக்கா. விதைச்சது இந்தக் கை, பறிச்சது இந்தக் கை. காய் விளைஞ்சுதே!"

சொல்லிக்கொண்டே பையை நிரப்பிவிட்டாள். அம்மா கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டாள்.

குழம்பு அமிர்தம். அம்மாதான் சரியாகச் சாப்பிடவில்லை. "அவ யாவாரம் என்னாச்சோ" என்று வாரம் முழுக்கப் புலம்பல். அடுத்த ஞாயிறு, "நான் வரலடி, அவ மொகத்துல எப்பிடி முழிப்பேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். விடாப்பிடியாக இழுத்துப் போனேன். எனக்கும் பயம்தான். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அம்மா இனி வாசற்படி தாண்டமாட்டாள்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. அவள் அதே இடத்தில்தான் இருந்தாள். மூட்டை வாய் கட்டியபடியே கிடந்தது. எதிரே இரண்டு பேர் பையோடு நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்களைக் கண்டதும் அவள் அம்மாவைத் திட்ட ஆரம்பித்தாள். "என்னக்கா இவ்ளோ லேட்டு? போன வாரம் உங்க கைபட்டு மூட்டை மொத்தமும் வித்துப் போச்சு. இவங்க கிட்ட எவ்ளோ நேரம் பேச்சு வாங்கறது? வாங்க, நீங்களே அவுத்துப் போணி பண்ணுங்க."

அம்மா குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்ததில் வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு பொழுது விடியுமுன் யாரோ என்னை உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் அம்மா, தலைசீவி, கையில் பையோடு.

"எழுந்திருடி. அந்தப் பொண்ணு காத்துக்கினு இருப்பா."