மீன் இல்லாத தட்டு

என் கணவர் எனக்கு மீன் கொடுக்கவில்லை. கொடுத்தார் என்று இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதவள் நான். அது பொய் என்று இன்று எனக்குத் தெரியும். அவரிடம் இதுவரை சொல்லவில்லை...

உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. நானே யாரையும் எளிதில் நம்புகிறவள் அல்ல.

என் பிறந்த வீடு திண்டிவனத்தில். அப்பா மாடு வைத்திருந்தார். ஒருமுறை கன்று செத்துவிட்டது. பால் நின்றுவிடக் கூடாதே என்று அதன் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, பசுவின் முன்னால் நிறுத்தினார்கள். பசு அதை நக்கிக்கொண்டே நின்றது, அப்பா கறந்துகொண்டிருந்தார். அன்று விட்டதுதான் பால். பிறகு தயிர், நெய், முட்டை, நான் உயிராக நினைத்த கருவாட்டுக் குழம்பு, எல்லாம் போயிற்று. இதற்கு வீகன் என்று ஒரு பெயர் இருப்பதே பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் என்னோடு வந்து ஒட்டிக்கொண்டது. யார் எதை நீட்டினாலும் உள்ளே என்ன திணித்திருக்கிறார்கள் என்று பார்க்கும் புத்தி!

கல்யாணமாகி விழுப்புரம் வந்தேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் குறைவு என்றார்கள். மாமியாருக்கு அது போதுமானதாக இருந்தது.

"மீனும் தொட மாட்டேன்றா, மோரும் தொட மாட்டேன்றா... ஒடம்புல ரத்தம் எங்கருந்து ஊறும்?"

"உடு மா, அது அவ இஷ்டம்" என்பார் என் கணவர் குமரன். நல்ல மனிதர் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் திருமண நாளுக்கு முந்தின நாள்வரை. அன்று சமையலறையில் தன் அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நாளைக்கு அவள வயிறார சாப்பிட வெச்சிர்றேன், பாரு."

எதைச் சாப்பிட வைக்கப்போகிறார்? மீதி என் காதில் விழவில்லை. விழுந்தது போதாதா!

மறுநாள் வானூர்ப் பக்கம், சுஷி என்ற ஜப்பானிய மீன்சோறு விற்கும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனார். என் போன்றவர்களுக்கும் அங்கே மீன் இல்லாமல் தனியாக உண்டு என்று யாரோ சொன்னார்களாம். உட்கார்ந்ததும் எழுந்து உள்ளே போனார். பரிமாறும் பையனிடம் குனிந்து ஏதோ சொன்னார். பையன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். ஏன் என்னைப் பார்த்தான்?

இருவருக்கும் ஒரே மாதிரித் தட்டு வந்தது. வெள்ளரியும் அவகாடோ என்கிற வெண்ணெய்ப் பழமும் வைத்துச் சுருட்டிய ஆறிய சோறு. அதைச் சுற்றிக் காகிதம் போல ஒரு கறுப்புத் தாள்.

"இது இன்னாது?"

"கடல்பாசி மேடம். மீனு கீனு ஒண்ணும் கெடையாது."

நான் மீனைப் பற்றிக் கேட்கவே இல்லையே...

ஒன்றை வாயில் போட்டேன். கடலே நாக்கில் வந்து உட்கார்ந்தது. அத்தனை வருஷமாக மறந்துவிட்டேன் என்று நினைத்த கருவாட்டு ருசி! இப்போது சொல்லப்போவதுதான் என் குற்றத்தின் வேர், கேளுங்கள். எனக்கு அது பிடித்திருந்தது. தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவைத்தேன். பாசிக்கு எங்கேயாவது மீன் ருசி இருக்குமா? இது மீனாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால்... என் நாக்கு இன்னும் மீனுக்கு அலைகிறது என்றல்லவா ஆகிவிடும்! அதை ஒத்துக்கொள்வதைவிடக் கட்டிய கணவரை அயோக்கியர் ஆக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது.

"உள்ள போய் இன்னா சொன்னீங்க?" என்றேன்.

"தனி கத்தி, தனி பலகைல செய்யச் சொன்னேன் மா. வேற இன்னா?"

நம்பவில்லை. விழுப்புரம் திரும்பாமல் திண்டிவனம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கிளியனூர் தாண்டும்வரை அவர் பைக் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் புகாரைக் கேட்டு, திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அப்பா பிடிவாதக்காரர். "தப்ப ஒத்துக்கினா பொண்ண அனுப்பறேன். இல்லனா அவ இங்கயே இருக்கட்டும். மாப்ள, சொல்லி மீனு போட வெச்சது நீங்கதானே?"

குமரன் என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ... நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க மாமா. நான்தான் சொன்னேன். தப்புதான்."

மாமியார் தன் மகனை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். 'பார்த்தீர்களா!' என்று என் மனம் துள்ளியது. ஆம், துள்ளியது. அதையும் மறைக்கப்போவதில்லை.

திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நான் சாப்பிட உட்கார்ந்தால், என் தட்டிலிருந்து முதல் கவளத்தை அவர் எடுத்துச் சாப்பிடுவார். "பாத்துட்டேன். நீ சாப்டு" என்பார். வீட்டில் மீன் வாங்குவதே நின்றுபோனது. மாமியார் மகனிடம் பேசுவதும் குறைந்துபோனது. "சொல்லாம கொள்ளாம ஒரு பொண்ணுக்கு அப்டிச் செய்யலாமா?" என்று ஒருநாள் என்னிடமே வருத்தப்பட்டார். இத்தனைக்கும் என்னை மீன் தின்னச் சொன்னவர்! பெற்றவளே நம்பிவிட்டாள்.

பிறகு அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் சாந்தி, தன் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். உள்ளே அதே கறுப்புத் தாள். வழக்கப்படி அட்டையைத் திருப்பிப் படித்தேன். பாசி, எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். வாயில் போட்டேன்...

அதே கடல்! அதே கருவாடு!

அன்றே வீட்டுக்கு ஓடி அவர் காலில் விழுந்திருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. எங்கே கிடைக்கும் என்று சாந்தியிடம் கேட்டுக்கொண்டேன். இப்போது அலுவலகத்தில் என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் தின்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் விஷயம் அவிழ்ந்துவிடுமே!

இப்போது என் சந்தேகமெல்லாம் வேறு. செய்யாததை ஏன் ஒத்துக்கொண்டார்? என் மேல் உள்ள அன்பா? அல்லது ஒருநாள் எனக்கே தெரியவரும், அன்று நான் எப்படி நிமிர்ந்து பார்ப்பேன் என்று காத்திருக்கிறாரா?

போன வாரம் பாசி தின்ற கையைச் சரியாகக் கழுவாமல் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டேன். சாப்பாடு போட்டு உட்கார்ந்தேன். கவளம் எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். என் விரல்களுக்கு அருகில் அவர் மூக்கு. அன்று அவரும் அதே பாசிச் சுருளைத்தானே சாப்பிட்டார்... அந்த வாசனையை மறந்திருப்பாரா?

கையை மடியில் இழுத்துக்கொண்டேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். திண்டிவனத்தில் பார்த்த அதே பார்வை.

பிறகு கவளத்தை எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

"பாத்துட்டேன். நீ சாப்டு."

நான் சாப்பிட்டேன்.