மெழுகில் பதித்த சதையோடு பெங்களூருக்கு

போன மாதம் என் தங்கை ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போனேன். அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய். இரண்டு வருடம் கேட்ட மாத்திரை இப்போது கேட்கவில்லை. கட்டி மறுபடி வளர்கிறது. "நீ ஒழுங்கா முழுங்கியிருந்தா அது ஏன் வளருது?" என்று அவள் புருஷன் சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டான். அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீலக் கட்டம்.

காலை ரயிலில் இரண்டரை மணி நேரம். டிக்கெட் முப்பது ரூபாய்க்குள். கன்டோன்மென்டில் இறங்கினால் ஆட்டோ சுலபம். முதல் தடவை பரிசோதனைக்காகக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சதையை மெழுகில் பதித்துக் கொடுத்திருந்தார்கள். வெயிலில் உருகிவிடுமோ என்று டிபன் பாக்ஸில் ஐஸ் போட்டு வைத்தேன். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் என் புடவையெல்லாம் ஈரம்.

ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்து டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கைப்பையில போட்டு வந்தாலே போதும்மா. ஆனா இது பழசு. கட்டி இப்ப மாறியிருக்கும். புதுசா எடுக்கணும்."

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "வேணாங்க்கா, வீட்டுக்குப் போலாம். தப்பு எம்மேல. மறுபடி எதுக்குக் குத்தணும்?"

"ஒரு நாளாச்சும் மாத்திரைய விட்டியாடி?"

"விடலக்கா. அவரு சொல்றாரே."

டாக்டரம்மா அவளை உட்கார வைத்தார். "செல் ரெண்டாப் பிரியும்போது உள்ள இருக்கற குரோமோசோம் சமமாப் பிரியணும். கட்டியில தாறுமாறாப் பிரியுது. ஒண்ணுக்குக் கூட, ஒண்ணுக்குக் கம்மி. அதுல மாத்திரைக்குத் தப்பிச்சது மட்டும் நின்னு பெருகும். நீங்க ஒழுங்காச் சாப்பிட்டாலும் இது நடக்கும்."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா.

சொன்னார். ஸ்டெல்லா செருப்பைக் கழற்றினாள். "எங்க படுக்கணும்?"

"நாளைக்கு வாங்கம்மா!"

ஆகவே இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் தங்க இடம் பார்த்து வையுங்கள். நாங்கள் காக்ஸ் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். பழைய மெழுகையும் கொண்டுபோங்கள், ஐஸ் வேண்டாம். மறுபடி குத்தச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கேட்டால் சொல்கிறார்கள்.

மறுநாள் புதுசாகச் சதை எடுத்தார்கள். எந்தக் குரோமோசோம் கெட்டது என்ற ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் அடுத்த மருந்து. அது கேட்கும் என்று டாக்டரம்மா உறுதி கொடுக்கவில்லை.

திரும்பும்போது ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு மசால் வடை சாப்பிட்டாள். ஸ்டேஷனுக்கு அவள் புருஷன் வந்திருந்தான். "டாக்டரம்மா சொன்னத நீயே சொல்லு" என்று நான் தள்ளி நின்றேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.