பூங்கொடி பேரில் வந்த பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்கிற திமிர் எனக்கு உண்டு. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன், ஆனால் இது பட்டப்பகலில் என் கண்ணெதிரே நடந்தது.

எங்கள் அலுவலகம் கோழிப்பண்ணைகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. கொட்டகையில் சூடு ஏறினால் பெரிய ஃபேன்கள் ஓட வேண்டும், அந்த உத்தரவு கிளவுட் என்கிற இணைய சர்வர் வழியாகப் போகும். அதை உருவாக்கியவள் என்னோடு வேலை பார்க்கும் பூங்கொடி. அவளைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை, கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறேன். நாங்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம், அவள் வந்து, "மொதல்ல மிஷினைக் கேளுப்பா, நீ யாருன்னு" என்பாள். யார் பேரில் கிளவுடுக்குள் போகிறோம் என்று கம்ப்யூட்டரைக் கேட்கும் ஒற்றை வரிக் கட்டளை அது. பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும். உள்ளே விடும் ரகசியக் குறியீடான தன் கிளவுட் சாவியை மட்டும் அடுத்தவர் மிஷினில் ஒருநாளும் போட மாட்டாள். "தாலியக் கழட்டிக் குடுப்பாங்களா?" என்பாள்.

சித்திரை வெயிலில் அவளுக்குச் சேலத்தில் பித்தப்பை ஆபரேஷன். அன்றைக்கென்று பார்த்து நான் புது மென்பொருள் ஏற்றினேன், பாதியில் ஃபேன்கள் நின்றுவிட்டன. பண்ணைக்காரர் ராசு அண்ணன் போனில் வந்தார்.

"கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க தம்பி. கைல போடற சுவிட்சும் கருகிக் கெடக்குது. எப்படியாச்சும் ஓட வெச்சுருங்க சாமி."

என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் உத்தரவை அடித்தேன், அடையாளம் செல்லாது என்றது. செல்போனிலிருந்து புதுச் சாவி எடுத்துப் போட்டேன், அதுவும் செல்லாது என்றது. பழைய சாவி எங்காவது ஒளிந்துகொண்டு குறுக்கே நிற்கிறதா என்று துழாவி, இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி போட்டேன், அதே பதில்தான். வெட்கத்தை விட்டு அவள் போனுக்கே அடித்தேன், அவள் வீட்டுக்காரர் எடுத்து, "இப்பத்தானுங்க வெளிய கொண்டாந்தாங்க, இன்னும் மயக்கந் தெளியலீங்க" என்றார். வைத்துவிட்டேன்.

வேறு வழி தெரியாமல் மிஷினைக் கேட்டேன், நீ யார் என்று. நம்பினால் நம்புங்கள், பூங்கொடி என்று பதில் வந்தது.

அவள் சாவி என் மிஷினில் இருந்ததே இல்லை. ஆனாலும் யோசிக்க நேரமில்லாமல் உத்தரவை அடித்தேன், ஏற்றுக்கொண்டது. "ஓடுதுங்க, ஓடுதுங்க" என்றார் ராசு அண்ணன், அவர் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுபடி கேட்டுப் பார்த்தேன். பழையபடி, செல்லாது. அப்புறம்தான் திரை மூலையைப் பார்த்தேன். மென்பொருள் ஏற்றும்போது நடுவில் கரண்ட் போய் வந்ததில் மிஷினின் கடிகாரம் பல மணி நேரம் பின்னால் போயிருந்தது. மணி தப்பாக இருந்தால் எவ்வளவு நல்ல சாவியையும் கிளவுட் ஏற்காது, என் சாவி செல்லாததற்குக் காரணம் அதுதான். அப்படியென்றால் அவள் சாவியும் செல்லக் கூடாது, கேட்டீர்களா? ஆனால் கிளவுடின் பதிவில் அந்த உத்தரவுக்கு நேராக அவள் பேர்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது.

சாயங்காலம் சேலம் போனேன். பூங்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னாளில் கேட்டபோதும் அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. அவள் வீட்டுக்காரர்தான் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"நீங்க போனை வெச்ச கையோட, மணி தப்பா இருக்குதுன்னு அவ சொன்னா. கண்ணே தொறக்கலீங்க. மணி மூணு ஆச்சு சாமின்னு சொன்னனுங்க. நமக்கில்லீங்க, அவனோட மிஷினுக்குத்தான் மணி தப்புன்னு சொன்னா. நீங்க கூப்பிட்டதையே நான் அவகிட்டச் சொல்லலீங்க."

அவள் அதைச் சொன்னபோது மணி தப்பு என்று எனக்கே தெரியாது.